இந்தி சாரும் தார் டப்பாவும்

எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் கார்த்திக் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். இந்தி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். “சார், இப்போ எல்லாத்தையும் கம்ப்யூட்டரே ட்ரான்ஸ்லேட் பண்ணிடுது. நான் பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடறேன். நீங்க இருந்தப்போ நாள் முழுக்க என்ன சார் பண்ணீங்க?” என்று கேட்டார். நக்கலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அதுதான் வலித்தது.

நியாயமான கேள்விதான். தாம்பரம் பக்கத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் இந்தி அதிகாரியாக இருந்தேன். தமிழ்நாட்டில் அது எப்படிப்பட்ட வேலை என்றால், நான் ஒழுங்காக வேலை செய்து எல்லாருக்கும் இந்தி வந்துவிட்டால் எனக்கு வேலை இல்லை. யாருக்குமே வரவில்லை என்றால், இவனை எதற்கு வைத்திருக்கிறோம் என்று டெல்லி கேட்கும். ஆகவே இந்தியை வந்தும் வராமலும் வைத்திருக்க வேண்டும். அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன்.

இந்தி படித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எங்கள் தெருவில் இருந்த ஒரே டியூஷன் அதுதான். சாயங்காலம் இவன் வீட்டில் இல்லாமல் இருந்தால் சரி என்று அம்மா அனுப்பி வைத்தாள். கணக்கு வராததால் இந்தி வந்தது. பரீட்சை பரீட்சையாகத் தேறி, தபாலில் எம்.ஏ. முடித்து, வேலையும் வாங்கிவிட்டேன். பயிற்சிக்கு டெல்லி போனபோது ஒரு காய்கறிக்காரரிடம் உருளைக்கிழங்கு கேட்டேன். புத்தகத்து இந்தியில் நான் பேசியதைக் கேட்டு, யாரோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து அவர் எழுந்து நின்றுவிட்டார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

வேலைக்கு வருவோம். தினமும் காலையில் வாசல் கரும்பலகையில் ‘இன்று ஒரு சொல்’ எழுதுவேன். இந்திச் சொல், பக்கத்தில் தமிழ்ப் பொருள். ஒரு முறை ‘காலம் தவறாமை’ என்பதற்கான சொல்லை எழுதிவிட்டு, மூன்று வாரம் மாற்ற மறந்துவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. பெருக்க வரும் லட்சுமி அக்கா மட்டும், “இன்னா சார், இந்த எழுத்து இங்கியே குடியிருக்குது?” என்றார்.

செப்டம்பரில் இந்தி வாரம் வரும். பேச்சுப் போட்டிக்கு நானே உரை எழுதி, தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்து, எங்கே மூச்சு விட வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுப்பேன். கணக்குப் பிரிவு ராஜேந்திரன் ஒரு வருஷம் அந்தக் கோட்டையும் சேர்த்து, “கோடு” என்று வாசித்தார். நடுவர் நான்தான். முதல் பரிசு கொடுத்தேன், பிரஷர் குக்கர்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெல்லிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை கடிதம் இந்தியில் போனது, எத்தனை ரப்பர் ஸ்டாம்ப் மும்மொழியில் இருக்கிறது என்றெல்லாம். நான் மொழிபெயர்த்த கடிதங்களை யார் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. டெல்லியில் இருக்கிறவர்களுக்கு ஆங்கிலப் பிரதி போய்விடும். இங்கே இருக்கிறவர்களுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான், சம்பளம் வாங்கிக்கொண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெயர்ப் பலகை. விதிப்படி மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம். மூன்று மொழி எழுத்தும் ஒரே உயரம். அதற்கென்றே சட்டைப்பையில் ஒரு சின்ன டேப் வைத்திருந்தேன். கடைக்குத் துணி எடுக்கப் போனால்கூட விளம்பரப் பலகையை அளக்கக் கை போகும். “உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு டெய்லரைக் கட்டியிருந்தா ரவிக்கையாவது தெச்சிருப்பார்” என்பாள் என் மனைவி பத்மா.

எங்கள் இயக்குநர் மிஸ்ரா சார், பீகார்க்காரர். அதிர்ந்து பேச மாட்டார். எந்தக் கோப்பையும் ஏற்கவும் மாட்டார், தள்ளவும் மாட்டார். பென்சிலை எடுத்து, பிளேடால் நிதானமாகச் சீவி, சீவலைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, கோப்பின் ஓரத்தில் இந்தியில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: ‘பேசவும்.’ கோப்போடு நேரில் வா என்று அர்த்தம். நேரில் போனால் அவர் பேச மாட்டார், நாம்தான் பேச வேண்டும். பேசிப் பேசி நம் தப்பை நாமே கண்டுபிடிக்கிற வரைக்கும் சர்க்கரை போடாத காபியை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நான் அவர் அறையில் இருக்கும்போது அவருடைய அம்மா போன் செய்தார். மிஸ்ரா சார் பேசியதில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இத்தனை வருஷம் இந்தியில் சம்பளம் வாங்கியவன் நான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “பயப்படாதீர்கள், இது இந்தி இல்லை. மைதிலி. என் அம்மாவுக்கு இந்தி சரியாக வராது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கு வாத்தியார் பேசியது புரியாமல் நானும் அழுதேன்.” போனை ஓரமாக வைத்துவிட்டு, “உங்கள் ஊரில் எதிர்த்தார்கள். எதிர்க்கலாம் என்றே எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை” என்றார். பிறகு ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் சீவினார். தாய்மொழியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த மனிதரின் கீழேதான் நான் இந்தி வளர்க்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி தமிழ்ச்செல்வி விஷயம்.

செல்வி எங்களிடம் ஒப்பந்த வேலையில் கணினிப் பதிவு செய்துகொண்டிருந்த பெண். ஒவ்வொரு வருஷமும் மார்ச் வந்தால் அடுத்த வருஷம் வேலை உண்டா என்று தெரியாமல் தவிப்பாள். அவள் அப்பா செங்குட்டுவன், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தமிழுக்காகப் போராடும் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். இளவட்டமாக இருந்தபோது இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போனவர். சீனிவாசன் என்ற பெயரை அங்கேதான் செங்குட்டுவன் என்று மாற்றிக்கொண்டாராம்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. என்ன பணியிடம்? இந்தித் தட்டச்சர். ஒப்பந்த ஊழியர்களும் பரீட்சை எழுதலாம். செல்விக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. மார்ச்சுக்குள் ஆள் எடுக்காவிட்டால் பணியிடமும் டெல்லிக்கே திரும்பிப் போய்விடும்.

“எனக்கு இந்தி மேல ஆசையும் இல்ல சார், கோவமும் இல்ல. வேலை வேணும். சொல்லித் தருவீங்களா?” என்று வந்து நின்றாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“அவர் கோவம் வந்தா திட்ட மாட்டார் சார். சாப்பிடாம இருப்பார். அதுதான் பேஜார். வேலை கைக்கு வர்ற வரைக்கும் அவருக்குத் தெரிய வேணாம்.”

வாக்குக் கொடுத்தேன். கேம்ப் ரோட்டில் இருந்து நாலாவது சந்து எங்கள் வீடு. சாயங்காலம் வருவாள். ‘கம்ப்யூட்டர் கிளாஸ்’ என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அது பொய் இல்லை, கம்ப்யூட்டர் இருந்தது. பத்மா காபி கொடுத்துக்கொண்டே பாடம் கேட்டு, என் உச்சரிப்பைத் திருத்தும் அளவுக்குத் தேறிவிட்டாள். செல்வி மடமடவென்று பிடித்துக்கொண்டாள். என் பணிக்காலத்தில் என்னிடம் இந்தி கற்று உண்மையாகவே இந்தி வந்த ஆள் அவள்தான். அதற்கு என் திறமையைக் காரணமாகச் சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

பரீட்சைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது டெல்லியிலிருந்து புதுப் பெயர்ப் பலகை வந்தது. பளபளவென்று எஃகுப் பலகை. ஏணியில் ஏறி, டேப்பை எடுத்து, எழுத்து எழுத்தாக அளந்தேன். ஒரு நூல் பிசகவில்லை. ‘விதிப்படி உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டேன். மாட்டினார்கள்.

மறுநாள் காலையில் வாசலில் நின்றிருந்த ஆட்டோக்காரர்தான் சொன்னார். “இன்னா சார், தமிழைக் கீழ எறக்கிட்டீங்க?”

நிமிர்ந்து பார்த்தேன். மேலே இந்தி. நடுவில் ஆங்கிலம். தமிழ் கடைசியில். ஒவ்வொரு எழுத்தின் உயரத்தையும் அளந்தவன், எது மேலே எது கீழே என்று பார்க்கவே இல்லை. மூன்று மொழியும் தெரிந்த ஒரே ஆள் என்பதற்காக என்னை வைத்திருக்கிறார்கள். இந்தி தெரியாத ஆட்டோக்காரர் பார்த்த மாத்திரத்தில் பார்த்ததை, நான் ஏணி போட்டு ஏறியும் பார்க்கவில்லை.

கோப்பு வைத்தேன். மிஸ்ரா சார் ‘பேசவும்’ என்று எழுதினார். போய்ப் பேசினேன். மாட்டிய பலகையை இறக்க டெல்லி அனுமதி வேண்டும், அது வரப் பல மாதம் ஆகும் என்று நானே கண்டுபிடித்தேன். அவர் காபியை முடித்தார்.

அதற்குள் ஜங்ஷன் சுவரெல்லாம் போஸ்டர். தமிழைத் தாழ்த்திய பலகைக்குத் தார் பூசும் போராட்டம், தலைமை செங்குட்டுவன். தேதியைப் பார்த்தேன். பரீட்சை நாள். நேரத்தைப் பார்த்தேன். பரீட்சை நேரம்.

செல்வி முகம் வெளுத்து வந்தாள். “வீட்டு வாசல்லயே தார் டின்னை எறக்கி வெச்சிருக்கார் சார். அன்னிக்கு கேட்டைப் பூட்டிட்டா பரீட்சை நடக்குமா?”

பரீட்சையைத் தள்ளிப்போட முடியாது. வினாத்தாள் முத்திரை வைத்து வந்திருந்தது, தேதியோடு. “நான் உங்கப்பாகிட்ட நேரத்தை மாத்தச் சொல்றேன். காரணம் சொல்ல மாட்டேன்” என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். எனக்குத்தான் தைரியம் இல்லை.

கடைக்குப் போனேன். செங்குட்டுவன் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க இந்தி சார். குந்துங்க. இன்னா விசேஷம்?”

“அண்ணா, அந்தப் போராட்டத்தைச் சாயங்காலமா வெச்சுக்கக் கூடாதா?”

“சாயங்காலம் எவன் சார் வருவான்? டிவிக்காரன் காலையிலதான் வருவான். பசங்க எல்லாம் நாவலூர்ல வேலை பார்த்துகினு கீறானுங்க, லீவு போட்டுகினு வரானுங்க. நேரமெல்லாம் மாத்த முடியாது.” கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். “சார், நான் இந்தி படிக்காதன்னு எவனையும் சொன்னதில்ல. உங்க கிட்ட சொல்லிக்கீறேனா? அவனவன் இஷ்டம். நான் பொறந்த ஊர்ல, என் வரிப் பணத்துல ஒரு போர்டு வெக்கிற. அதுல என் பாஷை காலடியில கீது. இது ஏன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. சொல்லிட்டா இந்தத் தாரை நானே கொண்டுபோய்க் கொட்டிடறேன்.”

பதில் என் சட்டைப்பையில் இருந்தது. டேப். உயரத்தை மட்டும் அளந்த அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், எடுக்கவில்லை. அரசாங்க விதியே அவர் பக்கம் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த நாளும் வந்தது. பரீட்சை அறை முதல் மாடி, சன்னலுக்கு நேர் கீழே வாசல். மூன்று பேர் எழுத வந்திருந்தார்கள். மிஸ்ரா சார்தான் கண்காணிப்பாளர். கேட்டைப் பூட்டச் சொல்லாமல், “பரீட்சை எழுதுகிறவர்கள் உள்ளே வந்துவிட்டார்களா? அப்படியானால் பூட்டு எதற்கு?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் முத்திரையைப் பிரித்து வினாத்தாளைக் கொடுத்தேன். பத்து நிமிடத் தட்டச்சு. ஒரு பக்க இந்தி, தப்பில்லாமல் அடிக்க வேண்டும்.

அப்போது கீழே ஒலிபெருக்கி அலறியது. “இந்தித் திணிப்பு ஒழிக.” முதல் குரலே செங்குட்டுவன். பின்னாலேயே கூட்டம். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

செல்வி கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. ஒவ்வொரு முழக்கத்துக்கும் தோள் குலுங்கியது. அப்பா குரல் அது. அடிக்க வேண்டியது அவர் ஒழியச் சொல்கிற மொழி. இவளால் ஒரு வரி அடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு என் வேலையின் மேலேயே வெறுப்பு வந்தது.

மிஸ்ரா சார் கடிகாரத்தைப் பார்த்தார். தொடங்கச் சொல்ல வேண்டியவர், பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். சீவி முடித்து, செல்வியைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்த சொல்லை முதல் தடவையாக வாயால் சொன்னார். அதுவும் தமிழில்.

“பேசவும்.”

படியில் இறங்கி ஓடினேன். வாசலில் ஏணி தயார். ஒரு கையில் மைக், ஒரு கையில் தார் டப்பாவுடன் செங்குட்டுவன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் உரக்கக் கத்தியது. எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. அவர் காதருகே போய் வாக்கை மீறினேன்.

“அண்ணா, மேல செல்வி பரீட்சை எழுதுறா. இந்தி டைப்பிங். நிரந்தர வேலை. இன்னிக்கு விட்டா வயசு போயிடும்.”

மைக்கை இறக்கினார். சன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

“கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொன்னாளே.”

“கம்ப்யூட்டர்லதான் அண்ணா.”

“யார் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்.”

டப்பா என் தலையில்தான் கவிழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளைச் சட்டை வேறு.

“பாஸ் பண்ணுவாளா?”

“சத்தம் இல்லாம இருந்தா பண்ணுவா.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மைக்கை உயர்த்தினார். “தோழர்களே. தார் பூசறதுக்கு முன்னால, மொழிக்காக உயிரை விட்ட தியாகிகளுக்கு மௌன அஞ்சலி செலுத்தறோம். நான் சொல்ற வரைக்கும் ஒருத்தன் வாய்லேர்ந்து சத்தம் வரக்கூடாது.”

கூட்டம் தலை குனிந்தது. வாசல் அடங்கியது. மாடியில் மிஸ்ரா சார் “தொடங்கலாம்” என்று சொன்னது கீழே எனக்கே கேட்டது. பிறகு விசைகளின் ஓசை. எங்கள் அலுவலகக் கணினிகள் பழையவை, பொரி கொறிக்கிற மாதிரி சத்தம் போடும். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு சீராக.

கொஞ்ச நேரத்தில் முன்வரிசை இளைஞர் ஒருவர் அவர் பக்கம் சாய்ந்தார். “அண்ணே, ரெண்டு நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சு.”

செங்குட்டுவன் கண்ணைத் திறக்கவில்லை. “தியாகிங்க நெறைய பேருடா.”

டிவிக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தலை குனிந்துகொண்டேன். தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. செங்குட்டுவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து முறைத்தார். டிரைவருக்கு என்ன தோன்றியதோ, தலைத்துண்டை எடுத்துவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். மத்திய அரசின் இந்திப் பரீட்சைக்கு இவ்வளவு கட்டுப்பாடாகப் பாதுகாப்புக் கொடுத்த கூட்டம் இந்தியாவில் வேறெங்கும் இருந்திருக்காது.

விசைச் சத்தம் நின்றது. செங்குட்டுவன் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: “சும்மா நின்னேன்னு நெனைக்காதீங்க சார். ஒவ்வொருத்தரா நெனச்சுகினுதான் நின்னேன்.” பிறகு தாமே ஏணியில் ஏறி, இந்தி வரிக்கு ஒரு மூலை விடாமல் தார் பூசினார். போலீஸ் வந்து எல்லாரையும் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டது. டிவியில் அவர் பெயரோடு செய்தி வந்தது.

செல்வி தேறினாள். வேலையும் கிடைத்தது. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டேன். “ரெண்டு நாள் சாப்பிடல சார். மூணாவது நாள் பிரியாணி வாங்கினு வந்தார். எதுவும் பேசல” என்றாள்.

பலகைக்கு என்ன ஆனது என்று டெல்லி விளக்கம் கேட்டுக் கடிதம் எழுத, அரசாங்க வழக்கப்படி நாள் பிடித்தது. அதற்குள் செல்வி வேலையில் சேர்ந்துவிட்டாள். இந்தித் தட்டச்சராக அவளுக்கு வந்த முதல் வேலை, அவள் அப்பா தார் பூசியதைப் பற்றி டெல்லிக்கு இந்தியில் அறிக்கை அடிப்பது.

நான் பக்குவமாக, ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று சொல்லச் சொல்ல, அவள் கையை எடுத்துவிட்டாள்.

“அப்பா பேரைப் போடுங்க சார். டிவியிலயே வந்தாச்சு. அடையாளம் தெரியாத நபர்னு போட்டா அவர் திரும்பவும் சாப்பிட மாட்டார்.”

போட்டோம். தவறு என்னுடையது, வரிசை மாறியதை நான் பார்க்கவில்லை என்றும் எழுதினேன். மிஸ்ரா சார் முதல் முறையாக ஒரு கோப்பில் ‘பேசவும்’ எழுதாமல் கையெழுத்துப் போட்டார். தமிழ் மேலே இருக்கும்படி புதுப் பலகை வந்தது. தார் பூசியிருக்காவிட்டால் அந்த அனுமதி இன்னும் வந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்குட்டுவன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வாசலை அவர் மிதித்தது அன்றுதான். கையில் அந்த அறிக்கையின் நகல்.

“இதுல இன்னா எழுதிக்கீதுன்னு தமிழ்ல சொல்லுங்க சார்.”

“செல்வியே சொல்லுவாளே அண்ணா.”

“அவளைக் கேட்டா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.”

சொல்லிக்கொண்டே வந்தேன். தம் பெயர் வந்த இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசிப் பத்தியில் எனக்கே தெரியாத ஒரு வரி இருந்தது. நான் சொல்லாதது. கையெழுத்துக்குப் போகுமுன் செல்வி தானாகச் சேர்த்தது. மிஸ்ரா சார் கண்ணில் படாமல் இருந்திருக்காது, அடித்து நீக்காமல் விட்டிருக்கிறார். ‘அலுவலகத்தில் தேர்வு நடந்தபோது, போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அது முடியும்வரை மௌனம் காத்தார்.’

செங்குட்டுவன் உட்காரவில்லை. பத்மா நீட்டிய காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அந்த வரிய மட்டும், அவ எழுதின மாதிரியே, இந்தில படிங்க சார்.”

படித்தேன். ஒரு சொல்லும் புரியாமல், கடைசிவரை கேட்டார்.

“நல்லாத்தான் எழுதிக்கீறா” என்றார். நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கார்த்திக், நாள் முழுக்க என்ன செய்தேன் என்று கேட்டீர்களே. பணிக்காலம் முழுவதும், சுற்றறிக்கை இல்லாமல், பிரஷர் குக்கர் இல்லாமல், இந்தியில் ஒரு வரி படித்துக் காட்டுங்கள் என்று என்னிடம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.